சந்தை எழுந்து விட்டது, நாம் எழுந்தோமா?

(தோட்டச் சிக்கன கடனுதவிச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கடனைப் பற்றியும் சேமிப்பைப் பற்றியும் பேசச் சொல்லி சங்கத்தில் கேட்டிருந்தார்கள். சேமியுங்கள், சிக்கனமாக இருங்கள் என்று வருஷா வருஷம் சொல்லுகிறோம். நீங்களும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறீர்கள். ஆகையால் இந்த வருஷம் கொஞ்சம் சுற்றுவழியாக வரலாம் என்று நினைக்கிறேன். உலகத்தில் பணச் சந்தை விழுகிற போது என்ன நடக்கிறது, அது எழும்புகிற போது என்ன நடக்கிறது, அந்த இரண்டுக்கும் நடுவில் நம்முடைய லயத்து அடுப்பு எப்படி எரிகிறது என்பதைப் பார்ப்போம்.

"ஐயா, டொலரு ஏறினா நமக்கென்ன, எறங்கினா நமக்கென்ன? நாம என்ன டொலர்லயா சம்பளம் வாங்குறோம்?" என்று பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் நம்முடைய கூடைக்குள்ளேயே இருக்கிறது. நாம் பறிக்கிற கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்பட்டு, ஸ்டோருக்குப் போய்த் தூளாகி, கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883 ஆம் ஆண்டில் தொடங்கின ஏலம் அது. 2020 ஆம் ஆண்டிலிருந்து கம்ப்யூட்டர் வழியாக நடக்கிறது. இந்த நாட்டுத் தேயிலையில் நூற்றுக்கு 90க்கும் கூடுதலான பங்கு வெளிநாட்டுக்குத்தான் போகிறது. ரஷ்யாவில், ஈராக்கில், துருக்கியில், ஈரானில் இருக்கிறவர்கள் குடிக்கிறார்கள். அந்த ஊரில் கையில் காசு இருந்தால் ஏலத்தில் விலை நிற்கும். அங்கே காசு செத்துப் போனால் இங்கே விலை விழும். ஆகவே டொலர்ச் சம்பளம் வாங்காவிட்டாலும் டொலர் ஓடுகிற பாதையில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

மூன்று நெருக்கடிகளைச் சொல்லுகிறேன். முதலாவது 1997, 1998 ஆம் ஆண்டுகளில் வந்தது. இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு அந்தக் காலம் ஞாபகம் இருக்கும்.

அது தாய்லாந்தில் தொடங்கியது. தாய்லாந்து அப்போது வேகமாக முன்னேறிக் கொண்டிருந்த நாடு. அங்கேயுள்ள கொம்பனிகளும் வங்கிகளும் வெளிநாட்டில் குறுகிய தவணைக்கு டொலர்க் கடன் வாங்கி, மாடி வீடுகளும் கட்டடங்களும் கட்டின. கட்டடத்தில் போட்ட காசு திரும்பி வர பத்து வருஷம் ஆகும். கடனோ சில மாதங்களில் கொடுக்க வேண்டியது. இதை நீங்கள் சீட்டுக் காசில் வைத்து யோசித்துப் பாருங்கள். பத்துப் பேருடைய சீட்டுக் காசை எடுத்து ஒருத்தர் காணி வாங்கிப் போட்டு விட்டார் என்று வையுங்கள். ஒவ்வொருத்தராக வந்து கேட்டால் சமாளிப்பார். ஒரு நாளைக்குப் பத்துப் பேரும் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வார்? காணியை அன்றைக்கே விற்கவும் முடியாது.

தாய்லாந்துக்கும் அதுதான் நடந்தது. கடன் கொடுத்தவர்கள் பயந்து போய் எல்லோரும் ஒரே நேரத்தில் காசைத் திருப்பிக் கேட்டார்கள். 25 பாத் கொடுத்தால் ஒரு டொலர் என்று அந்த நாடு நாணயத்தைப் பிடித்து வைத்திருந்தது. 1997 ஜூலை 2 ஆம் திகதி கையை விட்டு விட்டது. 1998 ஜனவரியில் ஒரு டொலருக்கு 50 பாத்துக்கும் மேலே கொடுக்க வேண்டி வந்தது. டொலரில் கடன் வாங்கினவனுக்கு ஒரு பைசா கூடுதலாக வாங்காமலே கடன் இரண்டு மடங்கு ஆகி விட்டது. பயம் பக்கத்து நாடுகளுக்கும் பரவியது. இந்தோனேசியா, மலேசியா, தென்கொரியா எல்லாம் ஆட்டம் கண்டன.

இந்த நாடுகளில் தொழிற்சாலைகள் முடங்கின. தொழிற்சாலை முடங்கினால் எண்ணெய் தேவைப்படாது. உலகத்தில் எண்ணெய் விலை 1998 இல் ஒரு பீப்பாய் 12, 13 டொலர் என்ற அளவுக்கு இறங்கியது. எண்ணெய் விற்றுப் பிழைக்கிற நாடு ரஷ்யா. அந்த நாட்டின் வருமானம் விழுந்தது. 1998 ஆகஸ்ட் 17 ஆம் திகதி கடனைக் கட்ட முடியாது என்று ரஷ்யா சொல்லி விட்டது. 6 ரூபிளுக்கு ஒரு டொலர் என்று இருந்தது செப்டெம்பர் மாதத்துக்குள் 20 ரூபிளைத் தாண்டி விட்டது.

ரஷ்யாவும் அதைச் சுற்றியுள்ள நாடுகளும் அப்போது நம்முடைய தேயிலையைப் பெரிய அளவில் வாங்கிக் கொண்டிருந்தவர்கள். அவர்களிடம் டொலர் இல்லை. கொழும்பு ஏலத்தில் விலை இறங்கியது. பாங்கொக்கில் கட்டின மாடி வீட்டுக்கும் நம்முடைய கொழுந்து மடுவத்துத் தராசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சம்பந்தம் இதுதான். தாய்லாந்து வீட்டுக் கடன், கொரியாத் தொழிற்சாலை, எண்ணெய் விலை, ரஷ்யாக்காரருடைய தேத்தண்ணீர்க் கோப்பை, கொழும்பு ஏலம், நம்முடைய தோட்டம். ஒன்றோடு ஒன்று கொழுவியிருக்கிறது.

கொரியாவில் நடந்த ஒன்றைத் தாய்மார்கள் கேட்க வேண்டும். 1998 தொடக்கத்தில் நாட்டின் கடனை அடைக்க உதவுவதற்காக அந்த ஊர்ச் சனங்கள் வரிசையில் நின்று நகைகளைக் கொடுத்தார்கள். கல்யாண மோதிரம், பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்குப் போட்ட மோதிரம், எல்லாம் கொடுத்தார்கள். சுமார் 35 இலட்சம் பேர் 220 தொன்னுக்கும் மேலான தங்கம் கொடுத்தார்கள். கூடுதலான பேர் தங்கள் நாட்டு நாணயத்துக்கு அதை விற்றார்கள். 2001 ஆகஸ்ட் மாதத்தில் கொரியா சர்வதேச நாணய நிதியத்தின் கடனைக் கட்டி முடித்தது. நாடு எழும்பியது. ஆனால் அந்த நெருக்கடியில் வேலை இழந்த எத்தனையோ பேருக்குப் பழையபடி நிரந்தர வேலை கிடைக்கவில்லை. தற்காலிக வேலைகளில்தான் காலத்தை ஓட்டினார்கள்.

இரண்டாவது 2008 ஆம் ஆண்டு. இது அமெரிக்காவில் தொடங்கியது. வருமானம் போதாதவர்களுக்கும் வீட்டுக் கடன் கொடுத்து, அந்தக் கடன் பத்திரங்களை மூட்டை மூட்டையாகக் கட்டி உலகம் முழுக்க விற்றார்கள். கடன் திரும்பி வராத போது எந்த மூட்டைக்குள் கெட்டது இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 2008 செப்டெம்பர் 15 ஆம் திகதி லீமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி வங்குரோத்து ஆனது. ஒரு வங்கி மற்ற வங்கியை நம்பவில்லை. ஜூலை மாதம் 147 டொலர் வரை போன எண்ணெய் டிசம்பரில் 40 டொலருக்குக் கீழே வந்தது. எண்ணெய்க் காசில் தேயிலை வாங்குகிற நாடுகள் கையைச் சுருக்கிக் கொண்டன. அந்த வருஷக் கடைசியில் கொழும்பு ஏலத்தில் மறுபடியும் விலை விழுந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னுடைய பேச்சின் முக்கியமான இடம். அமெரிக்க அரசாங்கம் வங்கிகளுக்குக் காசு கொடுத்துத் தூக்கி விட்டது. மத்திய வங்கி வட்டியைக் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு இறக்கியது. நியூயோர்க் பங்குச் சந்தை 2009 மார்ச் மாதம் அடிமட்டத்துக்குப் போய், அதே மாதத்திலேயே திரும்ப எழும்பத் தொடங்கியது. அங்கே வேலை இல்லாதவர்களின் தொகையோ அதற்குப் பிறகும் கூடிக் கொண்டே போனது. 2009 ஒக்டோபரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வேலை இல்லை. நெருக்கடிக்கு முன்பிருந்த நூற்றுக்கு ஐந்து என்ற நிலைக்கு வர 2015 ஆம் ஆண்டு ஆனது. பங்குச் சந்தை 2013 இலேயே பழைய உச்சத்தைத் தாண்டி விட்டது. கிரேக்க நாட்டில் இதை விட மோசம். 2013 இல் அங்கே நூற்றுக்கு 27 பேர் வேலை இல்லாமல் இருந்தார்கள்.

நெருக்கடி வந்தால் சந்தையும் சனங்களும் ஒன்றாகத்தான் விழுகிறோம். எழும்புகிற போது சந்தை முதலில் எழும்புகிறது, உழைக்கிற சனம் கடைசியில் எழும்புகிறது. பத்திரிகையில் "நெருக்கடி முடிந்தது" என்று போடுகிற நாளைக்கும் நம்முடைய வீட்டில் அது முடிகிற நாளைக்கும் பல வருஷ இடைவெளி இருக்கிறது. குடும்பங்கள் கூடுதலாகச் சீரழிவது அந்த இடைவெளியில்தான்.

மூன்றாவது நெருக்கடி நம்முடைய நாட்டில் நடந்தது. அதை நான் கதையாகச் சொல்லத் தேவையில்லை. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை, ராத்திரியில் கரண்ட் இல்லை. நீங்கள் எல்லோரும் பட்டதுதான். 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. 200 ரூபாவுக்குக் கிடைத்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா ஆனது.

இதைச் சம்பளத்தோடு வைத்துப் பார்ப்போம். 2021 மார்ச் மாதம் நாட் சம்பளம் 1000 ரூபா ஆனது. அன்றைய கணக்கில் அது 5 டொலர். அடுத்த வருஷம் மே மாதம் அதே 1000 ரூபா 2 டொலர் 77 சதம். யாரும் சம்பளத்தைக் குறைக்கவில்லை, செக்ரோலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இருந்தாலும் நம்முடைய உழைப்பின் விலை பாதிக்குக் கிட்ட வந்து விட்டது. கோதுமை, பருப்பு, பால்மா எல்லாம் டொலர் கொடுத்துக் கப்பலில் வருகிற சாமான். ஆகவே நாம் வாங்குகிற பொருள் டொலரோடு ஏறியது, நாம் விற்கிற உழைப்பு ரூபாவோடு நின்று போனது.

"அந்த வருஷம் தேயிலை விலை ஏறித்தானே ஐயா இருந்திச்சு?" என்று ஒரு தம்பி கேட்டார். உண்மைதான். கொழும்பு ஏலத்தில் 2021 இல் கிலோ சராசரியாக 619 ரூபா. 2022 இல் 1200 ரூபாவைத் தாண்டியது. ஆனால் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் மலைகள் காய்ந்தன. 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி 2022 இல் 251 மில்லியன் கிலோவாகக் குறைந்தது. உரம், டீசல், விறகு எல்லாவற்றின் விலையும் ஏறியது. டொலர்க் கணக்கில் தேயிலை ஏற்றுமதி வருமானம் 132 கோடியிலிருந்து ஏறத்தாழ 126 கோடியாக இறங்கித்தான் இருந்தது. இது தோட்டத்தின் பக்கத்து நியாயம். தொழிலாளியின் பக்கத்து நியாயமும் இருக்கிறது. ரூபாவில் விலை இரட்டிப்பான அந்த ஏற்றம் மலைக்கு வந்து சேர நாளானது. அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா ஆனது 2024 செப்டெம்பரில்தான். மூன்றரை வருஷம் 1000 ரூபாவில் நின்றோம்.

பணவீக்கம் 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 70 வீதம். உணவுப் பொருளுக்கு 95 வீதத்துக்குக் கிட்ட. பிறகு 2023 ஜூலையில் 6 வீதம் அளவுக்குக் குறைந்தது. ரேடியோவில் "பணவீக்கம் குறைந்தது" என்று சொன்னார்கள். "அப்ப ஏன் கடையில சாமான் வெல குறையல?" என்று எல்லோரும் கேட்டார்கள். இதை விளங்கிக் கொள்ளுங்கள். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்று அர்த்தம், விலை குறைந்தது என்று அர்த்தமல்ல. 100 ரூபாச் சாமான் 70 வீதம் ஏறினால் 170 ரூபா. அடுத்த வருஷம் 6 வீதம்தான் ஏறியது என்றால் 180 ரூபா. பழைய 100 ரூபா திரும்பி வரவே வராது. ஆகவே நெருக்கடி முடிந்தால் பழைய விலை வரும், அது வரைக்கும் கடன் வாங்கிச் சமாளிப்போம் என்று நினைத்த குடும்பங்கள் ஏமாந்து போயின.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர்க் கடனுக்கு அனுமதி கொடுத்தது. டொலர் விலை கொஞ்சம் இறங்கியது. 2024 டிசம்பரில் கொழும்புப் பங்குச் சந்தைச் சுட்டெண் 15,000ஐத் தாண்டி, முன்பு எட்டாத உயரத்துக்குப் போனது. சந்தை எழும்பி விட்டது. நாடு எழும்புவது நல்லதுதான், அதில் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் 2022 இல் தோட்டப் பகுதிச் சனங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று உலக வங்கி சொன்னது. அந்த வீடுகள் எழும்பி விட்டனவா?

லயத்துக்கு லயம் போகிற ஆள் நான். கண்டதைச் சொல்லுகிறேன். பட்டினி கிடந்த நாட்கள் போய் விட்டன. அன்று வாங்கின கடன் போகவில்லை. 2022 இல் அடகு வைத்த தோடு பல வீடுகளில் திரும்பி வரவில்லை. வட்டியைக் கட்டிக் கட்டித் துண்டைப் புதுப்பிக்கிறார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் கொம்பனியிடம் கையெழுத்து வைக்கிறார்கள். கிழமைத் தவணை வசூலிக்கிற ஆள் வருகிற நாளில் கதவைச் சாத்திக் கொண்டு இருக்கிற தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். ஓ எல் பரீட்சைக்கு முன்னாலேயே கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நாட்டுக் கணக்கில் நெருக்கடி முடிந்து விட்டது. அந்தப் பிள்ளைக்கு அது ஆயுசு முழுக்க முடியாது.

ஆகவே வட்டிக் கணக்கு ஒன்றைச் சொல்லுகிறேன், பிள்ளைகள் கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பத்து வட்டி என்று சொல்லுவார்கள். மாதம் நூற்றுக்குப் பத்து. 20,000 ரூபா வாங்கினால் மாதம் 2000 ரூபா வட்டி. அது 2024 இல் வந்த 1350 ரூபாச் சம்பளத்தில் ஒன்றரை நாள் பேர். பத்து மாதம் கட்டினால் 20,000 ரூபா கட்டி முடித்திருப்பீர்கள். ஆனால் முதல் 20,000 அப்படியே நிற்கும். அதே 20,000 ரூபாவை மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு ஒரு சங்கத்தில் வாங்கி, மாதம் 2000 ரூபா முதலும் அதற்குரிய வட்டியும் கட்டினால், முதல் மாதம் 2300 ரூபா, கடைசி மாதம் 2030 ரூபா. பத்து மாதத்தில் மொத்தம் 21,650 ரூபாவோடு கடன் தீர்ந்து விடும். இரண்டு பேரும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரே காசுதான் கட்டுகிறார்கள். ஒருத்தருக்குக் கடன் முடிகிறது, மற்றவருக்கு அப்படியே நிற்கிறது. தாய்லாந்து விழுந்ததும் இப்படித்தான். எவ்வளவு கடன் என்பதைப் போலவே என்ன வட்டிக்கு, எத்தனை நாளைக்கு என்பதும் முக்கியம்.

இன்னொரு விஷயம், சேமலாப நிதி. இதை நீங்கள் கட்டாயம் தெரிந்து வைக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதியின் காசில் பெரும் பங்கை அரசாங்கத்தின் திறைசேரி முறிகளில்தான் போட்டிருக்கிறார்கள். நாட்டின் கடனைச் சீர்படுத்துகிற போது, 2023 இல், அந்த நிதி வைத்திருந்த பழைய முறிகளை வாங்கிக் கொண்டு புதிய முறிகள் கொடுத்தார்கள். புதியவற்றுக்கு முதல் சில வருஷங்களுக்கு 12 வீத வட்டி, அதற்குப் பிறகு 9 வீதம். உங்கள் முதல் காசை வெட்டவில்லை. ஆனால் இனி அது வளருகிற வேகம் குறையும். அந்தப் பாரத்தில் ஒரு பங்கு உழைக்கிறவர்களுடைய கிழட்டுக் காலக் காசிலும் இறங்கியிருக்கிறது. உங்கள் கணக்கைப் பார்க்கும் உரிமையும் பொறுப்பும் உங்களுக்கு உண்டு. அடையாள அட்டையில் உள்ள பெயரும் நிதிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா, நமக்குப் பிறகு யாருக்குக் காசு சேர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாச்சா என்று பாருங்கள். "மாரியாயி" என்று ஒரு இடத்திலும் "மாரியாய்" என்று இன்னொரு இடத்திலும் இருந்தால், 50 வயதில் காசு எடுக்கப் போகிற பெண் ஒரு வருஷம் அலைய வேண்டி வரும். வேறு சேமலாப நிதியில் இருக்கிறவர்களும் இப்படியே பாருங்கள். திருத்தம் இருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள், எழுதித் தருகிறேன்.

அடுத்தது அடகு. நகை அடகு வைக்கிறது பாவம் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் வேறு என்ன செய்ய? ஆனால் துண்டில் உள்ள தவணைத் திகதியை வாசியுங்கள், அல்லது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லுங்கள். தங்கம் விலை ஏறினது என்று அதே நகைக்கு மேற்கொண்டு காசு எடுக்க வேண்டாம். அது காசு கிடைத்த மாதிரித் தெரியும், கடன்தான் கூடும். ஏலத்தில் போன பவுனை வாங்கின விலைக்குத் திரும்ப வாங்க இனி முடியாது.

மூன்றாவது, பிள்ளையின் படிப்பு. கஷ்டம் வந்தால் எதை வேண்டுமானாலும் தள்ளிப் போடுங்கள். திருவிழாச் செலவு, சடங்குச் செலவு, டீவீ, போன் எல்லாம் தள்ளிப் போடலாம். ஆண்கள் கோபிக்கக் கூடாது, சம்பள நாள் போத்தலையும் தள்ளிப் போடலாம். பள்ளிக்கூடத்தைத் தள்ளிப் போட்டால் அது திரும்பி வராது. பிள்ளையை நிறுத்துகிற யோசனை வந்தால் நிறுத்துவதற்கு முன்னால் என்னிடமோ அதிபரிடமோ ஒரு சொல் சொல்லுங்கள். கொப்பி, சப்பாத்து, பஸ் காசு என்று ஏதாவது ஒரு வழி பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. சிக்கனத்தால் மட்டும் எல்லாம் சரியாகி விடும் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளமே போதாத வீட்டில் எதைச் சேமிக்கிறது? சம்பளப் பேச்சு தொழிற்சங்கங்களும் கொம்பனிகளும் அரசாங்கமும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். அதில் நீங்களும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கேட்கிற போது இந்தக் கணக்குகளைத் தெரிந்து வைத்துக் கொண்டு கேளுங்கள். ஏல விலை என்ன, விளைச்சல் என்ன, சாமான் விலை எவ்வளவு ஏறியது என்று சொல்லிக் கேட்கிறவரை யாரும் லேசில் தட்டிக் கழிக்க முடியாது.

உலகச் சந்தை இன்னொரு முறை விழும். எந்த நாட்டில், எந்த வருஷம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விழுந்தால் தேயிலை ஏலம் வழியாகவும் கடைச் சாமான் வழியாகவும் நம்முடைய வாசலுக்கு வரும். அன்றைக்கு வீட்டில் பத்து வட்டிக் கடன் இல்லாமல், நகை கையில் இருந்து, பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தால் அந்த வீடு தாங்கும். அந்த வேலைக்கு இந்தச் சங்கம் இருக்கிறது. சங்கத்தில் சேராத வீடுகள் இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். கணக்குக் கொப்பி இல்லாதவர்கள் வாங்கிக் கொண்டு போங்கள். புருஷனும் பெண்சாதியும் ஒன்றாக உட்கார்ந்து எழுதுங்கள்.